கூட வந்தவர்களுக்கான பேச்சு

டிரைவருக்குப் பேசப் பிடிக்கும். பஸ் ஓட்டிய காலத்தில் இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கடைசி சீட்டு வரை கேட்கிற குரலில் கண்டக்டரோடு கதை அளந்தவர் அவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பணிமனை வாசலில் உட்கார்ந்து, வண்டிகள் வந்துபோகிற நேரத்தைக் குறிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். வேலை மாறியதே தவிர பேர் மாறவில்லை. பணிமனையிலும் டிரைவர்தான், ஆஸ்பத்திரியிலும் டிரைவர்தான்.

வாரம் மூன்று தடவை அவர் டயாலிசிஸ் பிரிவுக்குப் போவார். கையில் ஊசி போட்டு, ரத்தத்தை ஒரு குழாய் வழியாக இழுத்து, மெஷினில் சுத்தம் பண்ணி, இன்னொரு குழாய் வழியாக உடம்புக்குள்ளேயே திருப்பி அனுப்புவார்கள். அரைப் பகல் அதிலேயே போய்விடும். சாய்வு நாற்காலியில் அசையாமல் கிடக்கும்போதும் அவர் வாய் மட்டும் சும்மா இருக்காது. பக்கத்து நாற்காலிக்காரரின் மருமகள் சண்டை முதல் மருந்துக்கடைக்காரரின் வீட்டுக் கல்யாணம் வரை எல்லாம் அவருக்கு அத்துபடி. அதனால்தான் அந்தப் பிரிவின் தலைமை நர்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தார்.

புதிதாக வியாதி கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு கூட்டம் நடத்தப்போவதாக நர்ஸ் சொன்னார். வருகிறவர்கள் மெஷினைப் பார்த்து அரண்டு போகிறார்களாம். டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களில் சிலர் திரும்பி வருவதே இல்லையாம்.

"நாங்க சொன்னா பாடம் மாதிரி இருக்குண்ணே. நீங்க சொன்னா நம்புவாங்க. அரை மணி நேரம் பேசுங்க, போதும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் டிரைவர் சரி என்றுவிட்டார். அரை மணி நேரமெல்லாம் அவருக்கு ஒரு ஸ்டாப்பிங்கிலிருந்து அடுத்த ஸ்டாப்பிங் போகிற மாதிரி.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்ததும்தான் விஷயம் தெரிந்தது. பேசுவது வேறு, பேச்சு எழுதுவது வேறு. பேனாவைப் பிடித்தால் அவருடைய குரலே போய், மேடையில் மாலை போட்டுக்கொண்டு நிற்கிற யாரோ ஒருவரின் குரல் வந்தது. 'பெருமதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களே, அன்பு நெஞ்சங்களே, மனித வாழ்க்கை என்பது ஒரு நெடும்பயணம்' என்று ஆரம்பித்தது. பயணம் என்றதும் பஸ் வந்தது, பஸ் வந்ததும் பள்ளம் மேடு வந்தது, பிரேக் வந்தது, கடைசியில் கடவுளே ஓட்டுநராக வந்து உட்கார்ந்தார். எழுதியதைப் படித்தபோது டிரைவருக்குக் கொஞ்சம் கண்கூடக் கலங்கியது.

மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்துக் காட்டினார். அவள் ஒரு டெலிபோன் கம்பெனியில் புகார் கேட்கிற வேலையில் இருக்கிறாள். நாள் முழுக்க எரிச்சலில் இருப்பவர்களோடு பேசுகிறவள். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதை யாருக்குப்பா எழுதியிருக்கீங்க?"

"அங்க வர்றவங்களுக்குத்தான்."

"அவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

டிரைவருக்குச் சுருக்கென்றது. அன்று முழுக்க மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த இடத்துக்கு முதல் தடவை போனபோது, கடவுள்தான் ஓட்டுநர் என்று யாராவது சொல்லியிருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பார்த்தார். எழுந்து வெளியே போயிருப்பார், அவ்வளவுதான். எழுதிய காகிதங்களை மடித்து ஆடிக்கொண்டிருந்த அலமாரிக் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது கதை பேசுவதை நிறுத்திக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். முதலில் டாக்டரிடம். மெஷின் எப்படி வேலை செய்கிறது, எதைச் சாப்பிடக் கூடாது என்பதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று கேட்டார். டாக்டர் கொஞ்ச வயதுக்காரர். எப்போதும் அவசரத்தில் இருப்பவர். அன்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருத்துவத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், அதை டிரைவர் சொன்னால் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிடும் என்றும் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, "வீட்டுக்குப் போன பிறகு என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. அதை நீங்க சொல்லுங்க" என்றார்.

அடுத்து, நாற்காலி நாற்காலியாகக் கேட்டார். 'முதல் நாள் உங்களுக்கு யாராவது ஒரு விஷயம் சொல்லியிருக்கலாமே என்று இப்போது தோன்றுவது எது?' இதுதான் கேள்வி. எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார். ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர், இது சாகிறவரைக்கும் என்பதை முதல் நாளே உடைத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்றார்; இரண்டு மாதத்தில் சரியாகிவிடும் என்று நினைத்து ஏமாந்ததுதான் வியாதியைவிடப் பெரிய அடியாம். அவருக்கு எதிர் நாற்காலியில் இருந்த தையல்கார அக்கா அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். அப்படி முதல் நாளே சொல்லியிருந்தால் தான் ஆஸ்பத்திரிப் படியே ஏறியிருக்க மாட்டேன் என்றார். இன்றைக்கு ஒரு நாள், நாளைக்கு ஒரு நாள் என்று ஏமாற்றிக் கூட்டிவந்ததால்தான் உயிரோடு இருக்கிறாராம்.

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். இரண்டையும் ஒரே மேடையில் எப்படிச் சொல்வது?

டிரைவர் ஒரு திட்டம் போட்டார். முதலில் பயம். பிறகு ஊசி வலி. பிறகு தண்ணீர். சிறுநீர் பிரியாதவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கி, நெஞ்சில் ஏறி மூச்சு முட்டவைக்கும். அதனால் நாளெல்லாம் ஒரு சின்ன பாட்டில்தான். அந்தத் தாகத்தைப் பற்றி அவரால் ஒரு மணி நேரம் பேச முடியும். பிறகு வேலை. கடைசியில் நம்பிக்கை. பார்க்க ஒழுங்காக இருந்தது. ஆனால் சொல்லிப் பார்த்தால் சப்பென்று இருந்தது. எங்கே ஓட்டை என்று தெரியவில்லை.

யாரிடமெல்லாமோ கேட்ட கேள்வியை வீட்டில் கேட்கவில்லை என்பது ஒரு மத்தியானம், மனைவி துணி மடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவர் பேச்சு எழுதுகிற கூத்தையெல்லாம் அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இயல்பிலேயே பேச்சு குறைவு. வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அவரே பேசிவிடுவதால் மிச்சம் இல்லை என்று மகள் கிண்டல் பண்ணுவாள்.

"உனக்கு யாராவது ஏதாவது சொல்லியிருக்கலாம்னு தோணியிருக்கா?"

அவள் தலையணை உறையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். எனக்கென்ன, எல்லாம் உங்களுக்குத்தானே என்றாள். அதோடு விட்டிருப்பார். ஆனால் ஒரு வாரமாகக் கேள்வி கேட்டுப் பழகியதில், பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கற்றிருந்தார். உட்கார்ந்திருந்தார்.

"உங்க எதிர்ல நான் தண்ணி குடிக்கலாமா, கூடாதான்னு யாராவது சொல்லியிருக்கலாம்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவள் சேலையை நீவிக்கொண்டே சொன்னாள். முதல் வாரம், அவள் டம்ளரைத் தூக்கியபோது அவர் கண் அந்த டம்ளரோடேயே போனதைப் பார்த்தாளாம். அதற்குப் பிறகு அவர் எதிரில் குடிக்க மனசு வரவில்லை. பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் நின்று குடிப்பாள். அவர் அங்கே வந்தால் பக்கத்து வீட்டுக்குப் போவாள். வெயில் காலத்தில், அவர் வீட்டில் இருக்கிற நாட்களில், தாகத்தை அடக்கி அடக்கி ஒரு தடவை மயக்கம்கூட வந்திருக்கிறது. ரத்த அழுத்தம் என்று அவரிடம் சொல்லிவிட்டாள்.

ஆறு வருஷம். தன் தாகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தயாராக இருந்த மனுஷனுக்கு, அதே வீட்டில் இன்னொரு ஆளுக்கும் தாகம் எடுத்துக்கொண்டிருந்தது தெரியவே இல்லை. சமையலறைக்குப் போய் ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவள் இப்போது வேண்டாம் என்றாள். அவர் விடவில்லை. அவள் எடுத்துக் குடித்தாள். பாதியில் சிரிப்பு வந்து புரையேறியது. அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். உண்மையைச் சொன்னால், அவர் கண் அப்போதும் டம்ளரோடுதான் போனது. ஆனால் அது அவ்வளவு பெரிய கஷ்டமாக இல்லை.

அன்று சாயங்காலமே பேச்சை வேறு மாதிரி எழுதினார். ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டது. அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நோயாளிகளே இல்லை; கூட வருகிறவர்கள். அவர்களிடம் சொல்ல அவர் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. இப்போது சொல்ல இருந்தது. ஆனால் அது அவருடைய விஷயம் அல்ல, அவளுடையது. எழுதி முடித்துவிட்டு, சொல்லலாமா என்று கேட்டார். நாலு பேர் எதிரில் நம் வீட்டு விஷயத்தை எதற்கு என்று மறுத்தாள். அவர் வற்புறுத்தவில்லை. அந்தப் பகுதியை அடித்துவிட்டுப் படித்தார்; பேச்சு மறுபடியும் சப்பென்று போயிற்று. உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

"சொல்லிக்கோங்க. ஆனா சொல்லும்போது என் பக்கம் திரும்பாதீங்க" என்றாள்.

கூட்டம் நடந்தது நர்சுகளுக்கு வகுப்பு எடுக்கிற அறையில். மடக்கு நாற்காலிகள், ஒரு மின்விசிறி, கரகரக்கிற மைக். டிரைவர் மைக்கை ஓரமாக வைத்துவிட்டார். முன்வரிசையில் ஒருவர் யார்மீதோ கோபம்போலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மருத்துவ ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். எல்லோர் முகத்தையும் பார்த்ததும் டிரைவருக்கு எழுதிக்கொண்டு வந்த முதல் வரி மறந்துபோனது. காகிதத்தைப் பார்த்தால் எழுத்து ஆடியது.

"எனக்கு இப்ப பயமா இருக்கு" என்றார். "ஆனா முதல் தடவை இங்க வந்தப்ப இதைவிட அதிகமா இருந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு பேச்சு தானாக ஓடியது. போஸ்ட்மாஸ்டர் சொன்னதைச் சொன்னார், தையல்கார அக்கா சொன்னதையும் சொன்னார். இரண்டில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தெரியாது, டாக்டரிடம் நீங்களே கேளுங்கள், எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவு கேளுங்கள் என்றார். பிறகு கூட வந்தவர்கள் பக்கம் திரும்பினார். ஆறு வருஷம் ஒரு வீட்டில் ஒரு பெண்மணி ஒளிந்து ஒளிந்து தண்ணீர் குடித்ததைச் சொன்னார். யார் வீடு என்று சொல்லவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி பக்கம் திரும்பவும் இல்லை. ஆனால் குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. நர்ஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதனால தயவுசெய்து எங்க எதிர்லயே தண்ணி குடிங்க" என்று முடித்தார். கைதட்டினார்கள். உட்காரப் போனார். அப்போது ஃபைலை அணைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள்.

"எங்க வீட்ல அது சரிப்படாதுங்க. நான் எதிர்ல குடிச்சா இவர் தட்டைத் தூக்கி எறிவார்."

எதையாவது சொல்லிச் சமாளிக்க டிரைவருக்கு வாய் துடித்தது, அடக்கிக்கொண்டார். கையைக் கட்டியிருந்தவர் தரையைப் பார்த்தார். பிறகு அவர் மனைவியிடம் தாழ்ந்த குரலில், தட்டை எறிந்தது தண்ணீருக்காக இல்லை, நீ என்னைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டே இருந்ததற்காக என்றார். அவள் எப்படிப் பார்த்தேன் என்றாள். அவர் சொன்னார். அவள் மறுத்தாள். இருவரும் மற்றவர்களை மறந்துவிட்டு அங்கேயே வாதாட ஆரம்பித்தார்கள். பின்னாலிருந்த ஒருவர் தன் அண்ணனிடம் ஏதோ கேட்டார். டாக்டர் எழுந்து எல்லோரையும் அமைதிப்படுத்தலாமா என்று நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் வேண்டாம் என்று தலையசைத்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. அன்று வந்தவர்களில் ஒரு இளைஞன் அதற்குப் பிறகு வரவே இல்லை. எங்கே உட்கார்ந்திருந்தான், எந்த இடத்தில் அவன் முகம் மாறியது என்று டிரைவர் பலமுறை யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. நர்ஸ் போன் பண்ணிப் பார்த்தார், யாரும் எடுக்கவில்லை. ஃபைல்காரியும் அவள் கணவரும் ஒழுங்காக வருகிறார்கள். இன்னும் சண்டை போடுகிறார்கள்.

இப்போது மாதம் ஒரு தடவை டிரைவர் பேசுகிறார். எதிரிலேயே குடியுங்கள் என்று சொல்வதில்லை. குடிக்கலாமா என்று வீட்டில் ஒரு தடவை வாய்விட்டுக் கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறார். அரை மணி நேரப் பேச்சு பத்து நிமிஷமாகக் குறைந்துவிட்டது. மீதி நேரம் முன்வரிசை ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். பின்னால் கணவனும் மனைவியும், அம்மாவும் மகனும், அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வகுப்புக்கு அறை வேண்டும் என்று நர்ஸ் வந்து சொல்கிறவரைக்கும் அந்தச் சத்தம் ஓய்வதில்லை. அவரும் நடுவில் வாய் கொடுப்பதில்லை.