பதிவு பெற்ற கை

குதிரைக்குப் பல் வைத்தியம் பார்க்க யாருக்கு உரிமை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: பதிவு பெற்ற கால்நடை மருத்துவருக்கு. அதாவது எனக்கு. அந்த வேலை எனக்குத் தெரியுமா என்று சட்டம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். கல்லூரியில் குதிரை வாயைப் படத்தில் பார்த்ததோடு சரி. பரவையில் கிளினிக் போட்ட நாளிலிருந்து ஆடும் மாடும்தான் என் பிழைப்பு.

அவனியாபுரத்தில் ஓர் அக்கா கல்யாண ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரை விடுவார். இருந்தது அந்த ஒரே குதிரை. "மென்னு மென்னு உருண்டையாத் துப்புது சார், அம்புட்டும் கீழதான் கிடக்கு" என்று போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது, செல்லூரிலிருந்து வந்த லாடம் அடிக்கிற பாய் நீளக் கைப்பிடி போட்ட அரத்தைக் குதிரை வாய்க்குள் விடப்போனார்.

"கடவாப்பல்லு ஓரம் கத்தியா நிக்குது சார், கன்னத்த அறுக்குது. லேசா ராவி விட்டா திங்க ஆரம்பிச்சிரும்" என்றார்.

அவர் சொன்னது சரி என்று அந்த நொடியே எனக்குப் புரிந்தது. எரிச்சலே அதனால்தான்.

"உமக்கு லைசென்ஸ் இருக்காய்யா? உள்ள தூக்கி வச்சிருவாங்க. லாடம் அடிக்கிற ஆளு காலோட நிக்கணும், வாய்க்கு வரப்படாது!" என்றேன். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு நன்றாகவே இருந்தது.

பாய் அரத்தைச் சாக்கில் சுற்றினார். "அப்ப நீங்க ராவுங்க சார், நான் தலையப் பிடிச்சுக்கிறேன்." நக்கலே இல்லை, நிஜமாகத்தான் சொன்னார். என்னிடம் அரமும் கிடையாது, அதைப் பிடிக்கும் வகையும் தெரியாது. "பல்லுல ஒண்ணுமில்ல, வயிறுதான் கோளாறு" என்று பூச்சி மருந்தும் சத்து ஊசியும் கொடுத்தேன். வாயில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது என்று சீட்டிலும் எழுதிவிட்டேன். குதிரை வைத்தியம் தெரிந்த டாக்டர் ஒருவரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் எனக்குத் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே!

அக்கா அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பாய் இரண்டு முறை வந்து கெஞ்சியும், "டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு பாய், தப்பா நெனைக்காதீங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். கொள்ளுப் பயறை அவித்து, மசித்து, கையால் ஊட்டிப் பார்த்தார். கூழோடு ரத்தமும் ஒழுகியது. நான் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் ஊசிதான் போட்டேன். நாலாவது தடவை போனபோது குதிரை செத்துக் கிடந்தது.

பிரேதப் பரிசோதனையும் நான்தான் செய்ய வேண்டும். கன்னத்தின் உட்பக்கம் முழுக்கச் சீழ் பிடித்த வெட்டு. பல் ஓரத்தில் விரலை ஓட்டினேன். கையுறை கிழிந்து விரலும் அறுபட்டது.

"என்ன சார் இருந்துச்சு?" என்று அக்கா கேட்டார்.

"குடல் நோய். யாராலயும் காப்பாத்தியிருக்க முடியாது" என்றேன். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு, கீழே என் பதிவு எண்ணையும் எழுதினேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தகவல் கேட்டு வந்து நின்ற பாயிடம் திரும்பினார். "பாத்தீங்களா பாய், பல்லுக் கோளாறு இல்லயாம். நல்லவேளை, அந்த வாயில்லா ஜீவன உங்க கையில குடுத்து வதைக்காம விட்டேன்."

பாய் என் விரலில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார்.

"ஆமாம்மா, டாக்டர் சொன்னாச் சரிதான்" என்றார்.