நிலாக்காரியின் நாலு கல்யாணம்

ஒரே திருவிழாவில் எனக்கு மேடையில் நான்கு கல்யாணம் செய்து வைத்தார்கள். ஒன்றுகூட நான் கேட்டு நடந்ததில்லை, கதை கேட்டும் நடந்ததில்லை. இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. கிழவிக்குக் கோபம் ஆறியிருக்கும் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் நினைப்பு.

அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டையில் குடியிருந்துகொண்டு ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட் கட்டிக்கொண்டிருந்தேன். யார் கூப்பிட்டாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், பபூன் இன்னோர் ஊரிலிருந்து வருவார், மேடையில்தான் சந்தித்துக்கொள்வோம். எல்லாம் ஊருக்கே தெரிந்த புராணக் கதை, ஒத்திகை எதற்கு? எந்தக் கதையானாலும் கடைசியில் நான் மாலை மாற்றிக்கொண்டு நிற்பேன், மங்களம் பாடித் திரை போடுவார்கள். வேறு மாதிரியும் முடிக்கலாம் என்று தெரியாதவரை எனக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை.

வேறு மாதிரி எழுதியவர் நார்த்தாமலைப் பக்கத்தில் ஓர் ஊரின் சயின்ஸ் வாத்தியார். ரஷ்யாக்காரன் ஆகாயத்துக்கு ஆள் அனுப்பியதிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊர்த் திருவிழாவுக்கு ஒரு விஞ்ஞான நாடகமே எழுதிவிட்டார். ராஜகுமாரன் ஒருவன் ராக்கெட் ஏறிச் சந்திரனுக்குப் போகிறான். அங்கே ராக்கெட் பழுதாகிறது. நிலாவில் குடியிருக்கும் ஒருத்தி வந்து அதைச் சரி செய்து அவனை ஊருக்கு அனுப்பி வைக்கிறாள். அந்த ஒருத்திதான் நான். ஒரே காட்சி. தகர ராக்கெட்டின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டு, “இதைக்கூடப் பார்க்கத் தெரியாமலா இம்புட்டு தூரம் வந்தீரு?” என்று கேட்பேன். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து எழுந்ததே ஒரு சிரிப்பு, அப்படி ஒரு சிரிப்பை நான் எந்த மேடையிலும் வாங்கியதில்லை.

அதன் பிறகு ராஜகுமாரன் என்ன ஆனான் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. “அந்த நிலாக்காரி என்னய்யா ஆனா?” என்றுதான் வாத்தியாரைப் போகுமிடமெல்லாம் மறித்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் விழாக் கமிட்டியே அவளுக்கென்று ஒரு கிளைக்கதை எழுதச் சொல்லிவிட்டது. ஐந்து நாள் திருவிழா, நாளுக்கு ஒரு பாகம், பத்திரிகைத் தொடர்கதை மாதிரி. நிலாக்காரி பூமிக்கு வருகிறாள், அகப்பட்டுக்கொள்கிறாள், தானே ஒரு ராக்கெட் கட்டிக் கடைசி நாளில் தன்னந்தனியாக ஊர் திரும்புகிறாள். துணைக்கு எவனும் கிடையாது. வாத்தியார் படித்துக் காட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஒரு தடவையாவது நான் மாலையும் கழுத்துமாக நிற்க வேண்டாம், மேலே போகலாம். அதற்கென்றே கட்டுமாவடியிலிருந்து படகுக் கயிறு வரவழைத்து, மேடைக்கு மேலே நீண்டிருந்த புளியங்கிளையில் உருளை கட்டியிருந்தார்கள். நாலு ஆள் இழுத்தால் ராக்கெட்டும் நானும் சேர்ந்து கிளம்பிவிடுவோம்.

ஆனால் அவ்வளவு படித்த வாத்தியார் சொந்த ஊரின் மண்டகப்படியை மறந்துவிட்டார். திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். அன்றைய பூசை, வாணவேடிக்கை, நாடகம் எல்லாம் அந்தக் குடும்பத்தின் மண்டகப்படி. நாடகம் எப்படி முடிகிறதோ அப்படித்தான் அந்தக் குடும்பத்துக்கு அந்த வருஷம் என்று ஒரு நம்பிக்கை. தொடர்கதையோ ஆபத்தில் நின்றால்தான் தொடர்கதை. முதல் பாகத்தின் கடைசியில் நிலாக்காரியைச் சேவகர்கள் சுற்றி வளைக்கிறார்கள். பபூன் முன்னால் வந்து, “மிச்சம் நாளைக்கு!” என்றார். திரை பாதிகூட இறங்கவில்லை.

“நிறுத்துங்கய்யா!” என்று முன்வரிசையிலிருந்து எழுந்துவிட்டார் அன்றைய மண்டகப்படிக்காரர். “எம் மண்டகப்படியில ஒரு பொம்பளைய நடுத்தெருவுல நிறுத்திட்டு மங்களம் பாடுவீங்களோ? எங் குடும்பம் வெளங்குமா?”

“நாளைக்குத் தப்பிச்சிருவாங்க,” என்றார் வாத்தியார்.

“நாளைக்கு அடுத்த பங்காளியோட மண்டகப்படி. அங்கிட்டு அவ தப்பிச்சா எனக்கென்ன ஆச்சு? இன்னைக்கே முடிங்க!”

எப்படி முடிப்பது? அவர்களுக்குத் தெரிந்த மங்கலம் ஒன்றுதானே! சேவகர் தலைவனாக நின்ற ராஜபார்ட் கையில் ஒரு மாலையைத் திணித்தார்கள். நான் வாயைத் திறக்கும் முன் என் கழுத்தில் விழுந்துவிட்டது. ஆர்மோனியக்காரர் மங்களம் பாடினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கிரீடத்தைக் கழற்றிப் பெட்டியில் வீசினேன்.

மறுநாள் காலை வாத்தியார் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். “நேத்து நடந்தது அவ கண்ட கனவுன்னு வச்சுக்குவோம்,” என்றார். சரி, கனவு. அன்று ராத்திரியும் அதே கூத்து. “அவரு மண்டகப்படிக்கு மட்டும் கல்யாணம் பண்ணி வச்சீங்க, நாங்க என்ன கொறஞ்சா போயிட்டோம்?” என்று இரண்டாவது குடும்பம். மூன்றாவது குடும்பம் மேளக்காரரையே கூட்டிவந்துவிட்டது. நாலாவது குடும்பம் அட்சதை கலந்து ஊருக்கே கொடுத்தது. சேவகர் தலைவன், மந்திரி மகன், வைத்தியன், வியாபாரி என்று அதே ராஜபார்ட் மீசையை மாற்றி மாற்றி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். நான் ராக்கெட் கட்டும் காட்சிகளை வெட்டித்தானே கல்யாணத்துக்கு இடம் செய்தார்கள்! அடப் பாவிகளா, வானத்திலிருந்து வந்தவளைக்கூட விடமாட்டீர்களா?

ராஜபார்ட்டுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. அவரை டீக்கடையில், “மாப்பிள்ளை, வாங்க,” என்று கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நான் தெருவில் நடந்தால் வேறு பேச்சு. “இன்னைக்கு எவன் கூட?” என்று ஒருவன் என் காது கேட்கவே கேட்டான். நாடகக்காரி என்றாலே ஊர் வாயில் விழுந்து எழ வேண்டும். நான்கு கட்டியவள் என்றால் சொல்லவா வேண்டும்? அந்த நான்கையும் எனக்குக் கட்டி வைத்ததே அவர்கள்தான் என்பதை மட்டும் ஒருவனும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காலை குளத்தில் குளித்துக்கொண்டிருந்தபோது புல்லுக்கட்டோடு ஒரு பெண் வந்து படியில் நின்றாள். என் வயதுதான் இருக்கும். “அக்கா, இன்னைக்காச்சும் அவ போயிருவாளா?” என்று கேட்டாள்.

“போயிருவா,” என்றேன்.

“போகட்டும்க்கா. நான் ரெண்டு தடவ பஸ்ஸு வரைக்கும் போனேன். திருப்பிக் கூட்டியாந்துட்டாக.”

அவ்வளவுதான் பேசினாள். நான் ஈரச் சேலையோடு நேரே விழாத் தலைவர் வீட்டுக்குப் போனேன். கடைசி நாள் மண்டகப்படி அவருடையது. “ஐயா, இன்னைக்கு மாலை கிடையாது. அவ ஊருக்குப் போறா. போறதும் மங்கலந்தான்,” என்றேன். அங்கே வந்திருந்த பபூன் எனக்காகப் பரிந்து பேசினார். அந்த ஊரில் என் பக்கம் நின்றது அவர் ஒருவர்தான். தலைவர் வெற்றிலையை மென்றுகொண்டே, “பாப்போம்மா,” என்றார். இந்த ‘பாப்போம்’ என்ற சொல்லை நம்பி மேடை ஏறினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

கடைசிக் காட்சி. மாற்ற மீசை தீர்ந்துபோய் மறுபடி வைத்தியனின் மீசையோடு ராஜபார்ட் மாலையைத் தூக்கிக்கொண்டு வந்தார். “நீரே போட்டுக்கொள்ளும்!” என்று சொல்லிவிட்டு நான் ராக்கெட்டுக்குள் ஏறி நின்றேன். பெண்கள் பக்கம் குலவை கிளம்பியது. “இழுங்க!” என்றேன். கயிறு பிடித்திருந்த ஆட்கள் என்னைப் பார்க்கவில்லை, தலைவரைப் பார்த்தார்கள். அவர் தலையை இடம் வலமாக ஆட்டினார். “இழுங்கடா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவன்கூட அசையவில்லை. குலவை நின்றுவிட்டது. தகரத்தைப் பிடித்துக்கொண்டு நான் தரையில் நிற்க, ராஜபார்ட் மாலையை ராக்கெட்டின் மூக்கிலேயே மாட்டிவிட்டுப் போக, மங்களம் பாடித் திரையைப் போட்டுவிட்டார்கள். அழவில்லை. அழுதால் அதற்கும் கைதட்டியிருப்பார்கள்.

மண்டகப்படியைக் கெடுத்தவள் என்று சுற்று வட்டாரமெல்லாம் சொல்லிவிட்டார்கள். அந்தப் பக்கத்து ஊர்கள் பிறகு என்னை அழைக்கவே இல்லை.

அடுத்த வருஷத் திருவிழா முடிந்து, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பபூனைப் பார்த்தேன். அதே நாடகத்தைத்தான் போட்டார்களாம். நிலாக்காரி வேஷத்துக்கு மதுரைப் பக்கமிருந்து ஓர் ஆணைக் கொண்டு வந்திருக்கிறார்கள்.

“கல்யாணம் எத்தனை?” என்று கேட்டேன்.

“ஒண்ணுகூட இல்லக்கா. ஆம்பளைக்கும் ஆம்பளைக்கும் எப்படி மால மாத்துறதுன்னு விட்டுட்டாக.”

“கடைசியில?”

“மேல போனாருல்ல! சும்மா சொல்லக் கூடாது, அப்படியே ஒங்க நடை, ஒங்க பேச்சு. ஆம்பளதானே தனியாப் போறான், அதுல என்ன அமங்கலம்னு தலைவரே சொல்லிட்டாரு. சனம் ஒன்ஸ்மோர் கேட்டுச்சுக்கா. எறக்கி மறுபடியும் ஏத்துனோம்.”

ஏத்துனாங்க என்று அவர் சொல்லவில்லை. எனக்காகப் பேசிய ஒரே மனிதர், அவரும் கயிறு பிடித்திருக்கிறார்.