மல்லிகா அக்காவின் ஐஸ் தண்ணீர்

ஒரகடத்துக்கு வந்த புதிதில் எனக்குப் பெரிய விசித்திரமாகப் பட்டது இதுதான்: இங்கே ஒரு பெண் பாத்ரூம் போக வேண்டுமென்றாலும் தன் இடத்தில் இன்னொரு பெண்ணை நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். நான் வேலை செய்வது கார்களுக்கு ஒயர்க் கட்டுகள் தயாரிக்கும் ஆலையில். லைனில், நாங்கள் ஒயர்களைப் பதித்துக் கட்டும் பலகைகள் நகர்ந்துகொண்டே இருக்கும். நம் கை நின்றாலும் அவை நிற்காது. தலைக்கு மேல் ஒரு மஞ்சள் பொத்தான். அதை அமுக்கினால் விளக்கு எரியும், ‘ரிலீவர்’ வருவார், நம் கையில் இருக்கும் ஒயரை வாங்கிக்கொள்வார், அதற்குப் பிறகுதான் நமக்கு விடுதலை. நான் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்துக்காரி. கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு எதிர்க்கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள். அங்கே ஆள் இல்லாத இடம் ஆள் இல்லாமலே கிடக்கும், யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. இங்கே முதல் மாதம் முழுவதும் பொத்தானை அமுக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். ஊரிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பப்போகும் தங்கைகளே, அந்தக் கூத்தை மட்டும் நீங்கள் செய்ய வேண்டாம்.

எங்கள் லைனின் ரிலீவர் மல்லிகா அக்கா. நாற்பது வயதைத் தாண்டியவர், இந்தப் பக்கத்துக்காரர். கம்பெனி பஸ்ஸில் போகும்போது ஒரு லாரி நிறுத்துமிடத்தைக் காட்டி, “அதோ, அந்தாண்டதான் எங்க நெலத்து மோட்டார் கொட்டா இருந்திச்சி” என்பார். வருத்தமாகவெல்லாம் சொல்ல மாட்டார், பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார். தன் வீட்டுக்குப் பின்னால் மூன்று அறைகள் கட்டி, என்னைப்போல் வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம், “இன்னாடி, மூஞ்சி இன்னா இப்டி கீது? துன்னியா இல்லியா?” என்பது. அறைக்கு வந்து அழுதேன். ஊரில் என்னை ‘ஏட்டி’ என்று கூப்பிடும் உரிமை நாலைந்து பேருக்குத்தான் உண்டு. முன்பின் தெரியாதவர் என்னை ‘டி’ போட்டது அடித்ததுபோல் இருந்தது. ஆனால் நான் மரியாதையாக “வாங்கக்கா, சொல்லுங்கக்கா” என்று பேசியது அவருக்கும் பிடிக்கவில்லையாம். “இன்னா நீ, வாங்க போங்கன்னு என்ன வாசல்லயே நிக்க வெக்கிற?” என்று ஒருநாள் கேட்டேவிட்டார். இப்படி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டு ஐந்தாறு மாதம் ஓட்டினோம்.

இனி என் நெஞ்சின் விவகாரத்துக்கு வருகிறேன். அது முதலில் வந்தது என் இருபத்து மூன்றாவது வயதில், சின்னம்மா மகள் கல்யாணத்தில். பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பயமில்லை, ஓடவில்லை, கனம் தூக்கவில்லை. சுவிட்சைப் போட்டதுபோல் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. கழுத்து நரம்பு துள்ளியது, கை சில்லிட்டது, பாத்திரத்தை வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்துவிட்டேன். கால் மணி நேரம் அடித்துவிட்டு, வந்த மாதிரியே திடீரென்று நின்றது. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காதோரம் சொன்ன வார்த்தை, “வெளிய சொல்லாதட்டி.” பெண் கேட்டு வரும் வயசு, நெஞ்சு நோய்க்காரி என்று பேர் வந்துவிடக் கூடாது என்ற பயம் அவளுக்கு. டவுனில் பார்த்த டாக்டரும், “டென்ஷன். கல்யாணம் ஆனா சரியாப் போயிரும்” என்று சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு ஆறு வருஷம். வருஷத்துக்கு இரண்டு முறை என்றிருந்தது மூன்று, நான்கு ஆனது. ஒரகடத்துக்கு வந்து ஷிஃப்ட் மாறி மாறித் தூக்கம் கெட்ட பிறகு, மாதம் ஒருமுறை தலைகாட்ட ஆரம்பித்தது.

லைனில் அது வந்தால் நடப்பது எப்போதும் ஒரே மாதிரிதான். நான் பொத்தானை அமுக்குவேன். மல்லிகா அக்கா வருவார். முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிடும். தினமும் வீட்டு ஃபிரிட்ஜில் உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து லைன் கடைசி ரேக்கில் வைத்திருப்பார். பாதி உருகிய அந்த ஐஸ் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி என் முகத்தில் அறைவார். “மூச்சுவுடு, மூச்சுவுடு, ஒண்ணும் இல்லடி” என்று சொல்லிக்கொண்டே என் இடத்தை எடுத்துக்கொள்வார். நான் ஈர முகத்தோடு மெடிக்கல் ரூமுக்கு நடப்பேன். போய்ச் சேருவதற்குள் நெஞ்சு சமத்தாகிவிடும். அங்கிருக்கும் சிஸ்டர் இசிஜி எடுப்பார். கோடு கோலம் போட்டதுபோல் அழகாக வரும். “நார்மல்மா. காலைல சாப்பிட்டியா?” என்பார். ஒருமுறை கேஸ் என்றார்கள், ஒருமுறை சத்துக்குறைவு என்றார்கள். ஓ.டி. என்று கூடுதல் நேர வேலை அறிவித்த நாளாகப் பார்த்து அது இரண்டு தடவை வந்ததால் நடிக்கிறேன் என்று லைனில் ஒரு பேச்சும் கிளம்பிற்று. அந்தப் பேச்சுதான் எனக்கு அதிகம் வலித்தது.

கடைசியில் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். என்னுடைய ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருந்தது. “என்ன நோய்னு ஒரு பேப்பர் கொண்டு வாங்க, ட்ரீட்மென்ட் எடுங்க, வெயிட் பண்றோம். ஒண்ணும் இல்லாம அடிக்கடி இப்படி ஆனா, அடுத்த ஒப்பந்தம் கஷ்டம்” என்று அங்கிருந்த மேடம் தன்மையாகத்தான் சொன்னார். அம்மாவிடம் போனில் சொன்னேன். “அப்பாடா, வந்துருட்டி. இங்க பீடி சுத்தியாவது பொழைச்சுக்கிடலாம்” என்றாள். எனக்கு ஊருக்குத் திரும்ப மனமில்லை. ஊர் பிடிக்காமல் இல்லை. என் பெயர் எழுதிய ஒரு கார்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, எட்டு மணி நேரம் வேலை பார்த்து, என் அறைக் கதவை நானே பூட்டித் திறக்கிற வாழ்க்கையை இங்கேதான் கண்டிருந்தேன். சரியாக இல்லாத இதயத்தைச் சரியாகவே காட்டும் ஒரு தாளால் அது போய்விடுமே என்று ஆத்திரமாக இருந்தது.

சிஸ்டர் இரக்கப்பட்டுக் கம்பெனி டாக்டரிடம் சொல்லி, சென்னைப் பக்கத்தில் ஓர் இதய மருத்துவமனைக்குச் சீட்டு வாங்கித் தந்தார். வார விடுமுறையைப் பார்த்து மல்லிகா அக்காவும் கூட வந்தார். ஒருநாள் முழுக்க உடம்பில் ஒயர்களை ஒட்டிவைத்துப் பதிவெடுக்கும் பெட்டியைக் கட்டி அனுப்பினார்கள். நாளெல்லாம் ஒயர் கட்டுகிறவளின் மேலேயே ஒயர் கட்டிவிட்டார்களே என்று லைனில் சிரித்தார்கள். அன்றைக்கு அது வரவே இல்லை. அடுத்த முறை போனபோது டாக்டர் பொறுமையாகக் கேட்டார். “அது வரும்போது நீங்க என்ன செய்வீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகா அக்கா பெருமையோடு சொன்னார். “நான்தான் சார் ஐஸ் தண்ணி அடிப்பேன். மூஞ்சில பட்டுச்சின்னா, தோ, பத்து எண்றதுக்குள்ள நின்னுரும்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அம்மா, எங்களுக்கு எதுவுமே சிக்காதது உங்களாலதான். முகத்துல ரொம்பக் குளிர்ந்த தண்ணி பட்டா உடம்பு இதயத்துக்கு பிரேக் போடும். சில வகைப் படபடப்பு அதுல நின்னுடும். வைத்தியத்த நீங்க முடிச்சு அனுப்பிட்டீங்க, இசிஜிக்கு ஒண்ணுமே மிச்சம் வெக்கல.” இதயத்தில் மின்சாரம் போக எல்லோருக்கும் ஒரு வழி இருக்கிறது, எனக்குப் பிறவியிலேயே கூடுதலாக இன்னொரு வழி இருக்கலாம், கீழே இறங்கிய மின்சாரம் அதன் வழியாக மேலே ஏறிச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது என்று ஒரு தாளில் வரைந்து காட்டினார். “அடுத்த தடவ வந்தா தண்ணி வேண்டாம். தனியா நடக்காதீங்க. அது ஓடிட்டு இருக்கும்போதே இசிஜி எடுக்கணும். மயக்கமோ நெஞ்சு வலியோ வந்தா மட்டும் ஆம்புலன்ஸ்.”

திரும்பும் பஸ்ஸில், ஒரகடம் நெருங்கும்போது மல்லிகா அக்கா, “நல்லது பண்றேன்னு ஒரு வர்சமா உன்ன ஏமாத்திக்கினு கீறேன்டி” என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

மூன்று வாரம் கழித்து, காலை ஷிஃப்டில், டீ இடைவேளை முடிந்து சற்று நேரத்தில் அது வந்தது. பொத்தானை அமுக்கினேன். மல்லிகா அக்கா வழக்கம்போலப் பாட்டிலோடு ஓடி வந்தார். மூடியைத் திருகப் போன கை அப்படியே நின்றது. பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு என் முகத்தையும் நகர்ந்துகொண்டிருந்த பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் என் இடத்தில் நின்றால் நான் தனியாக நடக்க வேண்டும். அவர் என்னோடு வந்தால் இடம் காலியாகிவிடும். மெஷினில் கை மாட்டினால் தவிர யாரும் தொடக் கூடாது என்று முதல் நாளே சொல்லித்தரும் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அதை ஓங்கி அடித்தார். லைன் நின்றது. அத்தனை பலகையும் ஒரே நேரத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை.

லைன் லீடர் ஏகாம்பரம் அண்ணன் அலறிக்கொண்டு வந்தார். “யாரு லைன நிறுத்தினது?”

“நான்தான். எம்பேர எய்திக்கோ. மொதல்ல போயி அந்தத் தள்ளு நாற்காலிய இஸ்துக்கினு வா” என்றார் மல்லிகா அக்கா. என்ன தோன்றிற்றோ, ஏகாம்பரம் அண்ணன் ஓடிப்போய் அதைக் கொண்டுவந்தார். அவர் தள்ள, மல்லிகா அக்கா கூடவே ஓடி வர, நான் உட்கார்ந்திருந்தேன். ஆறு வருஷமாக ‘நின்றுவிடு, நின்றுவிடு’ என்று கும்பிட்டவள் அந்த இரண்டு நிமிஷம் ‘நிற்காதே, தாயே, நிற்காதே’ என்று கும்பிட்டேன். சிஸ்டர் ஒயர்களை ஒட்டினார். தாள் வெளியே வந்தது. இந்த முறை கோலம் இல்லை, தையல் மெஷின் ஓடியதுபோல் நெருக்கி நெருக்கிக் குத்தியிருந்தது. “நிமிஷத்துக்கு நூத்தித் தொண்ணூத்தாறு” என்றார் சிஸ்டர். அவர் குரலே மாறிவிட்டது. டாக்டருக்கு போன் போட்டுப் பேசிவிட்டு மெஷினை ஓடவிட்டபடியே நின்றார். மல்லிகா அக்கா வாசலில் நின்று, “பேப்பர்ல வந்துச்சா? வந்துச்சா சிஸ்டர்? அப்ப இப்ப ஊத்தட்டா?” என்று கெஞ்சினார். “ஊத்துங்க” என்றார் சிஸ்டர். ஐஸ் தண்ணீர் முகத்தில் விழுந்தது. அதே தாளில் துடிப்பு தடுக்கி நின்று நிதானமாக நடக்கத் தொடங்கியது. நோயும் வைத்தியமும் ஒரே தாளில் பதிவாகிவிட்டன. ஒயர் ஒட்டிய உடம்போடு படுத்துக்கொண்டு நான் சத்தம் போட்டு அழுதேன். நான் நடிக்கவில்லை என்பதற்கு என் கையில் ஒரு தாள் இருந்தது. ஏகாம்பரம் அண்ணன் லைன் நின்றதற்கான காரணத்தில் ‘ஆள் உடல்நலக் குறைவு’ என்று எழுதியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அப்படி ஒரு காரணம் அந்தப் படிவத்தில் கிடையாதாம், ஓரத்தில் எழுதினாராம்.

அதற்கு மேல் எல்லாம் வேகமாக நடந்தது. தொடையருகே ஊசி போட்டு மரக்கச் செய்து, அங்கிருந்து மெல்லிய குழாயை இதயம் வரை அனுப்பி, அந்தக் கூடுதல் வழியைச் சுட்டு அடைத்துவிடும் சிகிச்சை. எனக்கு நினைவு இருந்தது. டாக்டர் வேண்டுமென்றே அந்தப் படபடப்பை உள்ளேயிருந்து கிளப்பிவிட்டு, “இதுதானா பாருங்க” என்றார். “இதேதான் சார்!” என்றேன், போலீஸுக்குத் திருடனை அடையாளம் காட்டுகிறவளாட்டம். நெஞ்சுக்குள் சூடு பரவியது. பிறகு எத்தனை முறை கிளப்பிப் பார்த்தும் அது வரவில்லை. “அவ்ளோதான். போயிடுச்சு” என்றார். ஆறு வருஷத்தை முடித்துவைக்க அந்த இரண்டு வார்த்தை போதுமானதாக இருந்தது. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

வார்டுக்குக் கொண்டுவந்து, ஆறு மணி நேரம் வலது காலை மடக்கவே கூடாது என்று சொல்லிப் படுக்க வைத்தார்கள். அம்மா அன்று காலைதான் ரயிலில் வந்து சேர்ந்திருந்தாள். அவள் தலைமாட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மல்லிகா அக்கா லீவு போட்டுவிட்டு வந்து கால்மாட்டில் என் முட்டியை அழுத்திப் பிடித்திருந்தார். “மடக்காதடி, சொல்றேன்ல” என்று அவர் அதட்டும்போதெல்லாம் அம்மாவின் முகம் சுருங்கியது.

“டிஸ்சார்ஜ் ஆனதும் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். பிள்ள இங்க கெடந்து பட்டது போதும்” என்றாள் அம்மா, என்னைப் பார்த்து.

“இன்னாத்துக்கு? அதான் சரியாயிட்ச்சில்ல. ரூம் கீது, வேல கீது, நான் கீறேன்” என்றார் மல்லிகா அக்கா, அவரும் என்னைப் பார்த்து.

அப்போது நர்ஸ் வந்தார். “ஒரு பேஷன்ட்டுக்கு ஒருத்தர்தான். யாரு இருக்கீங்க?” இருவரும் நகரவில்லை. நர்ஸ் என் பக்கம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்கம்மா, யாரு இருக்கட்டும்?”

தலைக்கு மேலிருந்த திரையில் எழுபத்து நான்கு என்றிருந்த எண் எண்பது ஆனது, தொண்ணூறு ஆனது, அதையும் தாண்டியது. அம்மா பதறிப்போய் என் கையை இறுக்கினாள். மல்லிகா அக்கா, “ஐயோ, மறுபடியும் வந்துட்ச்சா?” என்று கத்திவிட்டார். நர்ஸ் திரையில் ஓடிய கோட்டைக் கூர்ந்து பார்த்தார். பிறகு எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்துச் சிரித்தார். “அது இல்ல. இது சரியான துடிப்புதான். நான்தான் கேக்கக் கூடாதத கேட்டுட்டேன். டாக்டர் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் இருங்க.”

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக என் நெஞ்சு ஒரு காரணத்துக்காக வேகமாக அடித்தது. கையை ஒருத்தியும் காலை ஒருத்தியும் விடாமல் பிடித்துக்கொண்டு, இருவரும் அந்த எண் இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் எந்தப் பக்கமும் திரும்பாமல் படுத்திருந்தேன்.