நாகம்மாவின் கையில் இறங்கிய பேய்

அந்தப் பூசாரிக்கு இரண்டு சேவல் கொடுத்தார்கள், பாக்கியம். டொக்குத்தருக்கு ஒரு வாய்த் தேத்தண்ணி கூட இல்லை!

அறுபதுகளில் நான் ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டிக்கொண்டிருந்தேன். முள்ளியவளையிலிருந்து நாகம்மாவை வண்டிலில் கொண்டுவந்து இறக்கினார்கள். பட்டணத்தில் கழுத்துக் கழலை வெட்டி வந்த பிள்ளை. வந்த நாளிலிருந்து வாயைச் சுற்றி விறைப்பு, கை முறுக்கு. கூடவே அவளுடைய மாமியார் செல்லாச்சியும் ஊர்ப் பூசாரியும்.

பூசாரி விடுவாரா? வார்டிலேயே அவள் புஜத்தில் கறுப்புக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு மடங்கி, விரல்கள் கூம்பி, கை கொக்குத் தலை போலானது.

"பாத்தியளே, பேய் கையில இறங்கிறா!" என்றார் பூசாரி.

"இவளைத் தாய் வீட்டிலை கொண்டுபோய் விடப்போறன். பேய் பிடிச்சவளிட்டப் பிள்ளையள விடேலாது," என்றாள் செல்லாச்சி.

நாகம்மா மூச்சு இழுத்தபடி அழுதாள்.

டொக்குத்தர் வந்து கயிற்றை அவிழ்த்தார். கை இளகியது. மற்றக் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். அதே கொக்குத் தலை!

"ஐயோ, டொக்குத்தருக்கும் மந்திரம் தெரியும்!" என்றாள் செல்லாச்சி.

"ஐயா, நானும் நீங்களும் ஒரே வேலைதான் செய்யிறம்," என்று அவர் பூசாரியின் கையிலும் பட்டியைச் சுற்றினார். ஒன்றும் முறுகவில்லை. "உங்களிட்டப் பேய் வரேல்லையே. மாமிக்கும் ஒருக்காப் பாப்பமே?"

செல்லாச்சி கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பூரணம், சிரிச்சது காணும், போதும்," என்றார் டொக்குத்தர் என்னிடம். " கல்சியம் ஊசியைக் கொண்டா. ரத்தம் சோதிக்கக் கொழும்புக்குப் போய் மறுமொழி வருமட்டும் இவ தாங்க மாட்டா."

மெல்ல மெல்ல ஏற்றினார்.

"உடம்பெல்லாம் சூடாக் கிடக்கு," என்றாள் நாகம்மா. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. "என்ர பிள்ளையள் எங்கை?"

"சூட்டுக்குப் பயந்து ஓடிட்டுது," என்று பூசாரி சேவலுக்குக் கை நீட்டினார்.

பிறகு டொக்குத்தர் எனக்குச் சொன்னார். கழுத்தில் பயற்றளவில் நாலு சுரப்பி உண்டாம். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால், எலும்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது அவற்றின் வேலையாம். கழலையோடு அவையும் போய்விட்டன. அந்தச் சத்துக் குறைந்தவர்களுக்குக் கையை இறுக்கி ரத்தத்தை நிறுத்தினால் அப்படித்தான் முறுகுமாம். இப்போதென்றால் அந்தச் சுரப்பு ரத்தத்தில் எவ்வளவு என்றே அளந்து சொல்கிறார்களாம். நாகம்மாவின் கையில் கயிறு கட்டினார்கள். பட்டணத்தில் அவற்றையும் சேர்த்து வெட்டின டொக்குத்தரின் கையில் ஒருவரும் கட்டவில்லை.

செல்லாச்சி மருமகளைப் பிள்ளைகளிடமே கூட்டிப் போனாள். ஆனால் கல்சியம் குளிசையைப் பூசாரி மந்திரித்த பிறகுதான் கொடுப்பாளாம். நான் டொக்குத்தரிடம் கோள் சொன்னேன்.

"மந்திரிக்கட்டும். விழுங்கினாக் காணும்," என்றார்.

அன்றிலிருந்து, கை முறுகுது என்று யாரும் வந்தால் நான் முதலில் பார்ப்பது கழுத்தில் தழும்பு இருக்கிறதா என்றுதான். உங்கட கையும் முறுகுது எண்டியளே, பாக்கியம். எங்கை, உங்கட கழுத்தை ஒருக்காக் காட்டுங்கோ... ஐயோ, அடுப்பிலை பால் பொங்குது!