இருவர் அணியின் பிழைச் செய்திகள்

காலை ஏழே முக்கால். பத்திரிகைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது கணினித் திரையில் இருந்த சிவப்பு வரி. முந்தின நாள் மாலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கணக்கு பாதிக்கு மேல் வந்து நின்றுபோயிருந்தது. கிராபிக்ஸ் கார்டைக் காணவில்லை என்றது அந்த வரி. கார்டு பெட்டிக்குள்தான் இருந்தது. அதன் விசிறி வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும் சத்தம் வாசல்வரை கேட்டது.

குமுளியில் அது மழையின் உச்சம். ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கடையின் பெயர்ப்பலகை தெரியவில்லை, அதன் விளக்கு மட்டும் தெரிந்தது. நான் குடையை மடக்கி வாளியில் வைத்துவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தேன்.

அவன் பாலக்காட்டின் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் பழைய தோட்டத்தில் இருக்கிறான். தென்னையும் கொஞ்சம் காய்கறியும். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. அம்மா இருந்தவரை நான் அம்மாவிடம் பேசுவேன், அவனும் அம்மாவிடம் பேசுவான். அவனுக்குக் காய்ச்சல் என்றால் அம்மா எனக்குச் சொல்வார். எனக்கு வேலை மாற்றம் என்றால் அம்மா அவனுக்குச் சொல்வார். அம்மா போன பிறகுதான், நாங்கள் இருவரும் நேராகப் பேசிப் பழகவே இல்லை என்பது தெரிந்தது. ஒரு வருடம் போல விசேஷ நாள்களில் மட்டும் போன் வந்தது. மழை பெய்ததா என்று அவன் கேட்பான், பெய்தது என்பேன். பிறகு இரண்டு பேரும் மூச்சு விடுவது கேட்கும்.

அதன் பிறகு அவன் மகன் படிக்க வெளிநாடு போனான். விளையாட்டுகளுக்காக அந்தப் பையன் வாங்கிய கணினி வீட்டில் சும்மா இருந்தது. தம்பி அதை ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்த்தான். உடலிலுள்ள புரதங்கள் எப்படி மடிந்து வடிவம் பெறுகின்றன என்று பார்க்கும் ஆராய்ச்சி. அதற்கு வேண்டிய கணக்குகளை ஒரு கணினியால் செய்து முடிக்க முடியாது என்பதால், துண்டு துண்டாக வெட்டி, உலகமெங்கும் விருப்பப்பட்டவர்களின் கணினிகளுக்கு அனுப்புகிறார்கள். நம் கணினி தன் துண்டை முடித்துத் திருப்பி அனுப்பும். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். பணம் கிடையாது. அணியாகச் சேரலாம். தம்பி ஓர் அணியைத் தொடங்கி என்னையும் சேரச் சொன்னான். பழைய கார்டு ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அணியில் நாங்கள் இருவர்தான்.

கார்டு ஒழுங்காக ஓடியவரை எங்களுக்குப் பேச எதுவும் இல்லை. பிழை வந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"சொல்லுங்ணா."

"கார்டைக் காணோம்ங்குதுடா."

"விண்டோஸு ராத்திரி தானா அப்டேட் ஆயிருக்குமுங்ணா. நம்ம போட்ட டிரைவரைத் தூக்கிப்போட்டுட்டு அதுபாட்டுக்கு ஒண்ணைப் போட்டுக்கும். அதுல கணக்குப் போடற சமாச்சாரமே இருக்காதுங்க. படம் மட்டும் காட்டும்."

அவன் சொன்னபடி, கார்டை இயக்கும் மென்பொருளான அந்த டிரைவரை முழுக்க நீக்கிவிட்டு, கார்டு தயாரித்தவர்களின் தளத்திலிருந்து புதிதாக இறக்கிப் போட்டேன். அன்று முழுவதும் ஓடியது. மறுநாள் காலை பத்திரிகை வாங்கப் போய்வந்தால் மறுபடியும் சிவப்பு வரி.

தமிழ்ப் பத்திரிகைகள் கம்பத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில் வருகின்றன. பத்திரிகை வேலையில் இருந்த காலத்தில் எல்லைச் செய்திகளுக்காக அடிக்கடி வந்து தங்கிய ஊர் இது. ஓய்வுக்குப் பிறகு இங்கேயே மாடியில் ஒரு வீடு எடுத்தேன். காலையில் பஸ் நிலையத்துக்குப் போய்ப் பத்திரிகைகளை வாங்கி, டீக்கடையில் நின்றபடியே தலைப்புகளில் உள்ள தப்புகளைக் கண்டுபிடிப்பது வழக்கம். யாரிடமும் சொல்வதில்லை. சொல்ல ஆள் இல்லை.

தம்பி தன் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தான். அதிலும் ஒருமுறை அவனுக்குக் கார்டு காணாமல் போயிருக்கிறது. கார்டைத் தொடுவதற்கான அனுமதி, கணக்குப் போடும் நிரலுக்குக் கிடைக்கவில்லையாம். ஒரே ஒரு கட்டளையில் சரியானது என்றான்.

"அப்ப இது விண்டோஸோட கோளாறா?"

"அப்படி உடனே சொல்ல முடியாதுங்ணா. ஒரு பென்டிரைவுல லினக்ஸை ஏத்தி உங்க பெட்டியை அதுல ஓட்டுங்க. அங்கயும் நின்னா கார்டோட கோளாறு. நிக்கலைன்னா விண்டோஸு. ஆசாமி யாருன்னு தெரிஞ்சுரும்."

அதைச் செய்து முடிக்க மூன்று போன்கள் தேவைப்பட்டன. ஒவ்வொரு வரியையும் அவன் சொல்ல நான் தட்டினேன். ஓர் எழுத்து விட்டுப்போனால், "பத்திரிகைல இருந்தவரு ஸ்பெல்லிங்கு விடலாமுங்ளா?" என்று சிரிப்பான். "நீ சொல்றதே பாதி முழுங்கித்தான்டா வருது" என்பேன். நடுவில் ஒருமுறை தோட்டத்தைப் பற்றிக் கேட்டேன்.

"தென்னையெல்லாம் எப்படி இருக்கு?"

"இருக்குதுங்ணா."

பின்னால் தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"சூடு எத்தனை காட்டுதுங்ணா?" என்றான்.

எண்ணைச் சொன்னேன். பேச்சு மறுபடி ஓடத் தொடங்கியது.

லினக்ஸிலும் மறுநாள் காலை நின்றது. ஆனால் இந்தமுறை செய்தி வேறு. கார்டு பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கணினிக்குள் தகவல் போய்வரும் பாதைக்கும் பஸ் என்றுதான் பெயர். தம்பியிடம் படித்துக் காட்டினேன்.

"எந்தப் பஸ்ஸுங்ணா, கம்பம் பஸ்ஸுங்ளா?"

"மலை இறங்கறப்ப கதவுகிட்ட நின்னிருக்கும்."

இருவரும் சிரித்தோம். அம்மாவின் காரியங்கள் முடிந்த பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான். பிறகு அவன், கார்டைக் கழற்றித் துடைத்து மறுபடி அழுத்திப் பொருத்தும்படி சொன்னான். மின்சாரம் போகும் வயரைப் பார்க்கச் சொன்னான். ஏலக்காய் உலர்த்தும் இயந்திரங்கள் ஓடினால் வோல்டேஜ் இறங்குமா என்று கேட்டான். எல்லாவற்றையும் பார்த்துச் சொன்னேன். தினமும் போன் வந்தது. காலை எட்டு மணிக்கு நான் செய்யாவிட்டால் எட்டரைக்கு அவன் செய்தான்.

ஒரு விஷயத்தை அவன்தான் முதலில் கவனித்தான்.

"காலைல மட்டும் எதுக்குங்ணா நிக்குது? பகல் முச்சூடும் ஓடுதல்லொ?"



பதில் ஒரு மரத்தால் வந்தது. மலைப்பாதையில் மரம் விழுந்து கம்பம் பஸ் வரவில்லை. பத்திரிகை இல்லாததால் டீயை மட்டும் குடித்துவிட்டுச் சீக்கிரமே திரும்பினேன். கதவு திறந்திருந்தது. கீழ்வீட்டுப் பெண் உள்ளே நின்றிருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்கான மோட்டார் சுவிட்ச் என் அறையில் இருப்பதால் அவளிடம் ஒரு சாவி உண்டு. என் கணினிப் பெட்டியின் மேல், காற்று வெளியேறும் இடத்தை முழுக்க மூடி, ஒரு நீல நிறப் பள்ளிச் சீருடை விரித்துக் கிடந்தது. பக்கத்தில் இரண்டு வெள்ளைச் சாக்ஸ். அவள் சீருடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மழைக்காலத்தில் இந்த மலையில் துணி காயாது. சூடு எங்கே இருந்தாலும் அங்கே துணியைப் போடுவார்கள். அடுப்படி, குக்கர் மூடி, ஏலக்காய் உலர்த்தும் அறையின் சுவர். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த அவளுக்கு என் பெட்டியும் அந்த வரிசையில் ஒன்று.

"வாங்க சார். இன்னைக்கு வெள்ளனவே வந்துட்டீக?"

"எத்தனை நாளா இதுல காயப் போடுறீங்க?"

"மழை புடிச்சதுலேருந்துதேன் சார். ரெண்டு யூனிபார்ம்தேன் புள்ளைக்கு. ஈரத்தோட போனா இருமுது. நம்ம பெட்டி அம்புட்டுச் சூடா ஊதுது, சும்மாதான போகுதுன்னு போட்டேன். அயர்ன் பண்ணாப்புல ஆயிருது." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கரண்டு அடிக்குமோ சார்?" என்றாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பெட்டிக்குத்தான் மூச்சு முட்டுது."

"ஐயய்யோ." சீருடையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு அதன் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் கழுத்துப் பக்கந்தேன் சார் ஈரம்."

பெட்டியிலிருந்து இரண்டு முழம் தள்ளிச் சுவருக்குச் சுவர் ஒரு கயிறு கட்டினேன். காற்று அதுவரை எட்டியது. அவள் சீருடையை அதில் போட்டாள். பெட்டியில் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ஏழே முக்காலுக்கு நான் பார்த்தபோது சிவப்பு வரி இல்லை.

எட்டு மணிக்குத் தம்பியிடம் சொன்னேன். முதலில் அவன் நம்பவில்லை. பிறகு சிரிக்கத் தொடங்கினான். போனை நகர்த்தி வைத்துச் சிரித்தான். "லினக்ஸுல தேடினோம், விண்டோஸுல தேடினோம், புள்ளையோட சாக்ஸுங்ளா!" என்று மூச்சு வாங்கச் சொன்னான். வீட்டுக்குள் யாரையோ கூப்பிட்டு அதையே மறுபடி சொன்னான். பிறகு என்னிடம், "செரிங்ணா. ஆசாமி கெடைச்சாச்சு" என்றான்.

"ஆமாடா."

"வெக்கட்டுங்ளா?"

"சரி."

மறுநாள் காலை கணக்கு நிற்கவில்லை. போனும் வரவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. கார்டு ஒரு துண்டை முடித்து அனுப்பிவிட்டு அடுத்ததை வாங்கிக்கொண்டது. எட்டு மணிக்குப் போனைக் கையில் எடுப்பேன். என்ன சொல்வது என்று தெரியாது. முப்பது வருடம் செய்தி இருந்தால்தான் யாருக்கும் போன் செய்திருக்கிறேன். எல்லாம் சரியாக ஓடுகிறது என்பது செய்தி இல்லை. போனை மேசையில் வைத்துவிட்டு அணியின் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். இரண்டு பெயர்கள். கணினிகள் முடித்த வேலைகள், ஏற்கப்பட்டவை, நின்றுபோனவை என்று கட்டங்கள். அவன் கணினி எத்தனை மணிக்கு வேலையை அனுப்பியது என்பது தெரியும். அவன் சாப்பிட்டானா என்பது அதில் தெரியாது.

கீழ்வீட்டுப் பெண் காலையில் வந்து மோட்டாரைப் போட்டாள், துணியைக் கயிற்றில் போட்டாள், போனாள். இப்போது போகும்போது, "பெட்டிக்கு மூச்சு வருதா சார்?" என்று கேட்பாள். வருது என்பேன். பல நாள்களில் நான் வாய் திறந்து பேசியது அவ்வளவுதான்.

மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்டரைக்குப் போன் அடித்தது.

"அண்ணா, என்ற பெட்டிலயும் எர்ரருங்ணா."

"என்ன போட்டிருக்கு?"

"அதேதானுங்ணா. கார்டைக் காணோம்ங்குது."

"எப்போலேருந்து?"

"நேத்துப் புடிச்சே இப்படித்தானுங். ஒண்ணும் ஓடறதில்லீங்."

"அனுமதியெல்லாம் பாத்தியா?"

"பாத்தனுங்ணா. செரியாத்தான் இருக்குதாட்ட இருக்குது. நீங்க சொல்லுங், ஒவ்வொண்ணா பாப்போம்."

"இரு, உக்காந்துக்கறேன்" என்றேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அணியின் பக்கத்தைத் திறந்தேன். அவன் கணினியிலிருந்து கடைசி வேலை அன்று காலை எட்டேகாலுக்கு வந்து சேர்ந்து ஏற்கப்பட்டிருந்தது. நின்றுபோனவை என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தது.