ஒரு தறி, ஒரு பிக்கப், தொண்ணூறு கிலோ பாவா

2008 தை மாதம் ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணிக்கு ஒரு விசைத்தறியை இழுத்துக்கொண்டு போனேன். சுமார் இருபது கிலோமீட்டர்தான். பிக்கப்பில் டிரெய்லர் மாட்ட நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

தறி என் அக்கா வீட்டுக்காரருடையது. பாவா என்றுதான் கூப்பிடுவேன். பல வருஷம் அடுத்தவர் தறியில் கூலிக்கு ஓட்டியவர், முதல்முறையாகச் சொந்தமாக வாங்கி, அக்காவோடு திருத்தணிக்கே குடிபோகக் கிளம்பியிருந்தார். நெய்வதற்கான நீள இழைகளை, அதாவது பாவை, தறியில் ஏற்றியே வைத்திருந்தார். வார்ப்பிரும்புச் சட்டம் வழியில் விரிசல் விட்டால் ஒட்டவைக்க முடியாது. இன்னொன்று வாங்க அவரால் ஆகவே ஆகாது.

என் டிரெய்லரின் கழுத்து பிக்கப்பின் முதுகில், பின் அச்சுக்கு மேலேயே உட்காரும். பெரும்பாலோர் தவறு செய்வது இங்கேதான். இழுக்கிற எடையைப் பார்ப்பார்கள், முதுகில் அழுத்துகிற எடையை மறந்துவிடுவார்கள். எடை மேடையில் பிக்கப்பை மட்டும் ஏற்றி, டிரெய்லர் சக்கரத்தை வெளியே விட்டு நிறுத்துங்கள். வருகிற எடையில் காலி வண்டியின் எடையைக் கழித்தால் முதுகுச் சுமை தெரிந்துவிடும். நாற்பது ரூபாய்ச் செலவு, கண்டிப்பாகச் செய்யுங்கள்.

என் வண்டி தாங்குவது ஒரு டன். அரிசி மூட்டை, ஆட்டுக்கல், பாத்திரம் எல்லாம் இறக்கியும் தொண்ணூறு கிலோ அதிகம் காட்டியது. பிக்கப்பின் முதுகில் ஏறி நின்றுகொண்டிருந்த பாவாவைப் பார்த்தேன். சரியாக அவர் எடை.

"நீங்க பஸ்ல வாங்க பாவா."

"பாவு ஏத்துன தறிய ஆளில்லாம அனுப்பக்கூடாது மச்சான். எங்க வூட்டு வழக்கம்."

"நான் முன்னாடி ஒக்காந்துகினுதானே வரேன்?" என்றாள் அக்கா.

"நீ ரோட்டப் பாத்துகினு வருவ. தறி பின்னாடி இல்ல இருக்குது?"

கெஞ்சிக் கூத்தாடி இறக்கிவிட்டேன். பிள்ளையைத் தனியாக ஊருக்கு அனுப்புகிறவர் மாதிரி நின்றார். எனக்கே பாவமாக இருந்தது.

இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. பாதி வழியில் ஒரு டவுன் பஸ் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கையைக் காட்டி முந்தச் சொன்னேன், முந்தவில்லை. ஒதுங்கி நின்றேன், அதுவும் நின்றது. கிண்டல் செய்கிறான் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

திருத்தணி எல்லையில், பஸ் போகிற ரோட்டோரமே இருந்த அவர்கள் புது வீட்டு வாசலில் நிறுத்தி, சண்டை போடத்தான் இறங்கினேன். பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியவர் பாவா. பின்னாலேயே கண்டக்டர்.

"முந்தாதீங்க, தறி தனியா போவுதுன்னு சொன்னாருங்க. பஸ்ல பாதிப் பேரு தறி ஓட்றவங்க. அவுங்களும் ஆங், பின்னாடியே போங்கன்னுட்டாங்க. டிரைவர் என்னா பண்ணுவாரு?"

நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தேன். ஜன்னல் முழுக்கத் தலைகள். எல்லோரும் தறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவா தார்ப்பாயைத் தூக்கிச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார், இழைகளைத் தடவினார்.

"ஒண்ணும் ஆவல. ஒரு இழைகூட அறுவல."

"அப்போ போலாம்பா," என்று பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ சொன்னார்கள். அதற்கப்புறம்தான் கண்டக்டர் விசில் கொடுத்தார்.