கை எங்க?

1994-இல் பிரஸ் மிஷின் மூன்றைத் தின்றது போக, அந்த ஆபரேட்டருக்கு மிச்சம் ஏழு விரல்கள். டப்பா மூடி அடிக்கும் அந்த ஒர்க்‌ஷாப்பில் அவர் பெயரே 'ஏழு' என்றாகிவிட்டது.

அன்று தகடு வைத்தவர் அவர். பெடலை மிதித்தவர் அவருடைய மனைவியின் அண்ணன். சிக்கிய மூடியை எடுக்க இவர் கையை உள்ளே விட்டதை மச்சான் கவனிக்கவில்லை. மிதித்துவிட்டார். தகடெல்லாம் ரத்தம். ஏழுவுக்கு வலியைவிட ஆத்திரம் முந்திக்கொண்டது. நல்ல கையால் ஸ்பேனரை எடுத்து, மிதித்த காலின் முட்டியை உடைத்துப்போட்டார்.

ஆறு மாதம் கழித்து இருவரும் வேலைக்கு வந்தபோது, அவர்களோடு ஜோடி சேர ஒருவரும் முன்வரவில்லை. மறுபடி அதே மிஷின். மச்சான் இடது காலால் மிதிக்கப் பழகினார். பேச்சுவார்த்தை கிடையாது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மட்டும் முறைத்தபடி கேட்பார்: "கை எங்க?"

"வெளிய."

மெல்ல மெல்லப் பத்து மிஷினுக்கும் அந்தப் பேச்சு தொற்றிக்கொண்டது.

போன வாரம் புது சூப்பர்வைசர் எகிறினார். "என்னய்யா இது, சந்தைக்கடையா? வேலை பாதிதான் நடக்குது. இனிமே வாயை மூடிக்கிட்டு மிதிங்க!"

ஏழு அவருடைய மணிக்கட்டை முறுக்கி, கையை அச்சுக்குள் திணித்தார். "மச்சான், சார் சொல்ற மாதிரியே மிதிங்க."

மச்சான் பெடலில் காலை வைத்துவிட்டு, சாவகாசமாகக் கேட்டார்: "மாப்ள, கை எங்க?"

"உள்ள! உள்ள இருக்குய்யா!" என்று அலறியவர் சூப்பர்வைசர்தான்.

இருவருக்கும் ஒரு மாதம் சஸ்பென்ஷன். மற்ற ஒன்பது மிஷின்களிலும் கேட்டுவிட்டுத்தான் மிதிக்கிறார்கள்.